பலகையை ஆர் கொழுவுறது என்று கேட்ட மகனுக்கு

தம்பி,

நேற்றுப் பின்னேரம் கிணற்றடியில் நின்று நீ அப்பாவிடம் சொன்னதெல்லாம் என் காதில் விழுந்தது. எனக்குக் கண்தான் இல்லை; காது இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. அதைக் கண் உள்ள நீங்கள் அடிக்கடி மறந்துபோகிறீர்கள். நான் குசினிக்குள் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். "கலியாணத்தை ரெண்டு மாசம் தள்ளிவைக்கச் சொல்லுங்கோ அப்பா. அம்மாவின்ரை பிறெயில் பலகையைக் கொம்பியூட்டரில ஆர் கொழுவுறது? விடுதியில ஒருத்தருக்கும் அந்த வயர் விளங்காது. ஆரையாவது பழக்கிப்போட்டுத்தான் நான் வெளிக்கிடுவன்" என்றாய். அப்பா வாளியைக் கிணற்றுக்கட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இஞ்சையிருந்து வெளிய போக உனக்குத் தந்த பாஸ் நாளையிண்டைக்கு முடியுது. றோட்டை எப்ப பூட்டுவாங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பூட்டினால் நீ இஞ்சால, அந்தப் பிள்ளை அங்கால. அதை யோசிச்சனியோ?" என்றார். "ஓம், யோசிச்சனான்" என்றாய் நீ, யோசிக்காத குரலில். எனக்கு வந்த கோபத்துக்கு வெளியே வந்து அந்த மாக் கையாலேயே உன் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். ஆனால் வாயைத் திறந்தால் அழுகைதான் வந்திருக்கும். அதனால் பேசாமல் மாவைக் குழைத்தேன். நேற்று நீங்கள் இருவரும் கல்லுப் போன்ற புட்டைச் சாப்பிட்டதற்கு அதுதான் காரணம்.

இன்றைக்கு நீ, அப்பாவின் கட்டாயத்துக்காக, பஸ் விசாரிக்க கிளிநொச்சிச் சந்திக்குப் போயிருக்கிறாய். அப்பா ஸ்கந்தபுரத்தில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போய்விட்டார். வீட்டில் நான் மட்டும்தான். நான் வேலை செய்யும் பார்வையற்ற பிள்ளைகள் விடுதியின் மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னால் வைத்துக்கொண்டு இதைத் தட்டுகிறேன். விடுதியில் அச்செடுத்து அப்பாவிடம் கொடுப்பேன். அவர் பின்னேரம் உன் கையில் தருவார். வாசித்து முடிக்கும்வரை என் அறைக்குள் வராதே. உன்னோடு நேரே கதைத்தால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று தலையாட்டிவிட்டு உன் பாட்டுக்குத்தான் செய்வாய். எழுத்தில் இருந்தால் இடையில் புகுந்து கதையை மாற்ற முடியாது. உனக்குத் தெரிந்த விஷயங்களையும் விளக்கமாகச் சொல்கிறேனே என்று சலிக்காதே. இதை ஒருநாள் உன் பெண்சாதியும் வாசிப்பாள், பிள்ளைகள் பிறந்தால் அவர்களும் வாசிப்பார்கள்.

எங்கள் ஆட்களில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். உன் அப்பாவும் அப்படித்தான் தன் தாயை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தவர். வந்த முதல் கிழமை முழுக்க "அம்மா தனிய, அம்மா தனிய" என்று புலம்பிக்கொண்டிருந்தாராம். ஒருநாள் பார்க்கப் போனால், அங்கே மாமி கோழிக்கூட்டைப் பெரிதாக்கி, இவர் படுத்திருந்த அறையில் வெங்காயம் காயப் போட்டிருந்தாவாம். அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிக் கவலைப்படுகிறார். நானும் உன் அறையில் வெங்காயம் போடப் போவதில்லை. ஆனால் நீ போனால் இந்த வீடு இடிந்து விழும் என்று மட்டும் நினைக்காதே.

இனிப் பலகையின் கதைக்கு வருகிறேன். என்னோடு பார்வையற்றோர் பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதி, நோர்வேயில் இருப்பவள், தனக்குப் புதிது கிடைத்ததும் பழையதை எனக்கு அனுப்பினாள். ஒரு முழ நீளப் பெட்டி. மேலே ஒரே வரிசையில் சின்னச் சின்னக் குண்டூசி முனைகள். கணினித் திரையில் ஒரு வரி வந்தால், அந்த வரி இங்கே பிறெயில் புள்ளிகளாக எழும்பும். அடுத்த வரிக்குப் போனால் இவை தாழ்ந்து வேறு புள்ளிகள் எழும்பும். எழும்பும்போது ஒரு சத்தம் வரும், தகரத்தில் ஒரு பிடி அரிசியை எறிந்ததுபோல. திரையில் உள்ளதை வாயால் சொல்ல கணினிக்குள் ஒரு குரல் இருக்கிறது, நாங்கள் "வெள்ளைக்காரன்" என்று பெயர் வைத்தோமே, அவன். ஆனால் அவனுக்குத் தமிழ் தெரியாது. இங்கே எல்லாரும் தமிழ் தட்டுகிற எழுத்துரு, உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகளாகத்தான் கிடக்கிறது. "அம்மா" என்று திரையில் இருந்தால் அவன் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று வாசிப்பான். காதால் கேட்டால் பைத்தியம் பிடிக்கும். விரலால் தொட்டால் கதை வேறு. கொஞ்சக் காலம் தடவித் தடவி அந்த எம்மும் கேயும் என் விரலுக்குத் தமிழாகவே ஆகிவிட்டன. விடுதிப் பிள்ளைகளின் பாடங்களைப் பிழை பார்த்து பிறெயிலாக்குவது என் வேலை. அந்தப் பலகை இல்லாவிட்டால் எனக்கு அந்த வேலை இல்லை, பிள்ளைகளுக்குப் பாடமும் இல்லை.

விடுதியின் பழைய கணினி ஜெனறேற்றர் மின்சாரம் ஏறி இறங்கியதில் எரிந்துபோனதும், புதிதாக இந்த மடிக்கணினி வந்ததும் உனக்கு நினைவிருக்கும். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் பலகையின் வயரைக் கையில் வைத்துக்கொண்டு கணினியைச் சுற்றிச் சுற்றித் தடவினேன். கொழுவ இடமே இல்லை. பலகை பெட்டிக்குள் போய்விட்டது. இரண்டு மாதம் நான் விடுதியில் சும்மா கதிரையில் இருந்துவிட்டு வந்தேன். பிறகு நீதான், "வவுனியாவுக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பாப்பம் அம்மா" என்று பிடிவாதமாக நின்றாய். மூன்று பேரும் வெளிக்கிட்டோம். மடிக்கணினியை நீ தூக்கிக்கொண்டாய்; பலகையைக் குழந்தைப்பிள்ளைபோல மடியில் வைத்துக்கொண்டு நான் போனேன்.

வவுனியாக் கடையில் ஒரு பிள்ளை பலகையை வாங்கிப் பார்த்தாள். "அன்ரி, உங்கட சாமானில ஒரு பிழையும் இல்லை. கொம்பியூட்டர்தான் மாறிப்போச்சு. முந்தி ஊசி வைச்ச வாய் இருந்தது, இப்ப வாறதுகளில தட்டை ஓட்டை மட்டும்தான். இடையில ஒரு துண்டு வயர் போட்டால் ரெண்டும் கதைக்கும்" என்றாள். போட்டாள். கதைக்கவில்லை. நீ பதறினாய், அவள் பதறவில்லை. கணினி அந்தத் துண்டு வயருக்குத் தன்பாட்டில் ஏழு என்று ஓர் இலக்கம் கொடுத்திருக்கிறதாம். வெள்ளைக்காரனோ பழைய காலத்து ஆள். ஒன்றிலிருந்து நாலுவரைக்கும் தேடிப் பார்த்துவிட்டுப் பலகை இல்லை என்று இருந்துவிடுவானாம். அவள் அந்த ஏழாம் இலக்கத்தை இரண்டாக மாற்றினாள். புள்ளிகள் எழும்பின. நான் கடை என்றும் பார்க்காமல் அழுதேன். "அன்ரி, கையைத் தாங்கோ" என்று கேட்டுவிட்டுத்தான் என் கையைப் பிடித்தாள். விரலை அந்த ஓட்டையில் வைத்து, "வலப்பக்கம், முன்னுக்கு உள்ளது. எப்பவும் இதிலதான் கொழுவோணும். மற்றதில கொழுவினால் வேற இலக்கம் குடுத்திடும், பிறகு தேடிக் களைப்பீங்கள்" என்றாள். கேட்டுவிட்டுக் கையைப் பிடிப்பவர்கள் குறைவு. எனக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துவிட்டது. உனக்கு அதற்கு முதலே பிடித்துவிட்டது என்பதும் தெரியும், ஏனென்றால் அவள் வாயிலிருந்து பதில் வரவேண்டும் என்பதற்காக ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டு நின்றாய்.

அன்று திரும்பி வரும்போது ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் நடந்ததை நாங்கள் மூவரும் இதுவரை ஒரு நாளும் இருந்து கதைத்ததில்லை. நீ உள்ளே இருந்தாய். வெளியே நடந்தது உனக்குத் தெரியாது. ஆமிக்காரர்களே கணினியைக் கொழுவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் என்னால் தனியாகக் கொழுவ முடியாது என்று எண்ணி, இப்போது பலகையைக் காட்டிப் போகமாட்டேன் என்கிறாய். ஆகவே கேள்.

பாதை பூட்டியிருந்த பழைய வருஷங்களில் எங்கள் பக்கத்துக்குப் பற்றரி கொண்டுவரத் தடை; பையில் ஒரு ரோச் பற்றரி அகப்பட்டால் போதும், ஆளை மறித்து வைத்துவிடுவார்கள். செத்த பற்றரியை வெயிலில் காயப்போட்டு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றித்தான் றேடியோவில் செய்தி கேட்டோம். சுற்றியது நீ, கை நோகுது என்று செய்தி முடியுமுன்பே விட்டுவிடுவாய். அந்தப் பயம் உன் அப்பாவின் எலும்புக்குள் இருக்கிறது. பாதை திறந்து, பற்றரி கடைகளில் குவிந்து கிடந்தும், சாவடி என்றால் அவருடைய கை தானாகப் பற்றரியைத் தேடும். அன்று பஸ் ஏறுமுன், எங்கள் இருவருக்கும் சொல்லாமல், பலகையின் அடியைத் திறந்து உள்ளே இருந்த பற்றரியைக் கழற்றி, பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். மடிக்கணினியிலும் பற்றரி இருக்கிறது என்பது மனிசனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

சாவடி மேசையில் ஆமிக்காரர் பலகையைத் திருப்பினார்கள். அடிமூடி திறக்கும் சத்தம் கேட்டது.  தகரக் கொட்டகையின் வெக்கையும் எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசையின் முணுமுணுப்பும் கூடின. அதிகாரி சிங்களத்தில் ஏதோ கேட்டார். பின்னால் நின்ற ஒரு முஸ்லிம் மனிதர், தண்ணீரூற்றில் தன் பழைய வீட்டுக்குக் கூரை போடத் தகரம் கொண்டு போகிறவர், தானாகவே முன்னுக்கு வந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல அவரை நானா என்றேன். "ரீச்சர், பயப்படாதீங்கோ. இதுக்குள்ள ஒரு குழி இருக்கு. அதுக்குள்ள என்ன இருந்தது எண்டு கேக்கிறார்" என்றார். அப்போதுதான் இரண்டு பதில்கள் ஒரே நேரத்தில் வந்தன. அப்பா, "ஒண்டுமில்லை" என்றார். நீ, "பற்றரி" என்றாய்.

பெட்டிக்குள் வெறும் குழி. தகப்பன் ஒன்று சொல்கிறான், மகன் ஒன்று சொல்கிறான். அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். உன்னை மரச்சுவர் அடித்த ஓர் அறைக்குள் கொண்டுபோனார்கள். உன் செருப்புச் சத்தம் போவதை நான் கேட்டேன். கதவு சாத்துவதையும் கேட்டேன். தம்பி, நீ பிறந்ததிலிருந்து உன் சத்தத்தை வைத்துத்தான் நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதவு சாத்தியதும் உன் சத்தம் நின்றுபோனது. என் வாழ்க்கையில் நான் குருடி என்று நினைத்துப் பயந்தது அந்த ஒரு முறைதான்.

அப்பா அதற்குள் உண்மையைச் சொல்லத் தொடங்கிவிட்டார், ஆனால் பொய்க்குப் பின்னால் வந்த உண்மையை யார் நம்புவார்கள்? "நான்தான் கழட்டினனான் ஐயா, விடமாட்டீங்கள் எண்டு நினைச்சு" என்று மறுபடியும் மறுபடியும் சொன்னார். அதிகாரி மடிக்கணினியைத் திறந்து போட்டார். வெள்ளைக்காரன் விழித்தான். நான் கடைசியாக வைத்திருந்த பாடத்தை வாசிக்கத் தொடங்கினான்: எம், கே, செமிகோலன், கே, எச். கொட்டகைக்குள் அந்தக் குரல் எப்படி ஒலித்திருக்கும் என்று யோசித்துப் பார். இரகசியச் சங்கேதம் சொல்லுவதுபோலவே இருந்தது. பூட்ஸ் சத்தங்கள் கிட்ட வந்தன. நானா எட்டித் திரையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது சின்னப்பிள்ளையள் படிக்கிற பாடம். 'அம்மா' எண்டு கிடக்கு" என்று எனக்குத் தமிழிலும் அவருக்குச் சிங்களத்திலும் சொன்னார். அதிகாரி அவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு நானா மெதுவாக என்னிடம் சொன்னார்: "இது வேலை செய்யிறதைக் காட்டச் சொல்றார், ரீச்சர். காட்டினால் பெடியனை விடுறாராம். இல்லையெண்டால் சாமானும் பெடியனும் வவுனியாவுக்குத் திரும்பிப் போகோணுமாம்."

பற்றரி இல்லாத பலகை. நான் அப்பா நின்ற பக்கம் திரும்பி, "இஞ்சாருங்கோ, உங்களாலைதான் வந்தது. நீங்கள்தான் இப்ப வழி பாக்கோணும்" என்றேன். நாங்கள் குடும்பம் நடத்திய இத்தனை வருஷத்தில் நான் அந்தக் குரலில் அவரோடு பேசியதில்லை. அவர், "நாலு ரோச் பற்றரி வேணும்" என்றார். நானா தன் ரோச் லைற்றைக் கழற்றி மூன்றைக் கொடுத்தார். நாலாவது அங்கே காவல் நின்ற ஒரு பெடியனிடமிருந்து வந்தது. அதிகாரி சொல்லித்தான் கொடுத்தானோ, தானாகக் கொடுத்தானோ, எனக்குத் தெரியாது. அப்பா பேப்பர் துண்டை இறுக்கிச் சுருட்டி, பற்றரிகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே விட்டார். வயரைப் பல்லால் உரித்தார். றேடியோவுக்குச் செய்த அதே வேலைதான். "கூட்டல் எந்தப் பக்கம்? குழிக்குள்ள இருட்டு, எனக்குக் கண் தெரியேல்லை" என்றார். நான் குழிக்குள் விரலை விட்டேன். பிளாஸ்டிக்கில் சின்னதாக ஒரு சிலுவை எழும்பி இருந்தது. "இஞ்சை" என்றேன். வயர் பட்டது. எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக எழும்பி விழுந்தன. அதுதான் நீ கேட்ட முதல் சத்தம்.

ஆனால் அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பலகைக்கு உயிர் வந்துவிட்டது, கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை. துண்டு வயரைக் கொழுவியது ஒரு ஆமிக்காரன். நான் தடவுகிறேன், வரிசை முழுக்கச் சப்பையாகக் கிடக்கிறது. அப்பாவின் மூச்சு மட்டும் பக்கத்தில் கேட்கிறது. அந்தப் பேப்பர் சுருளை அவர் எவ்வளவு நேரம் கையால் அழுத்திப் பிடித்திருக்கப் போகிறார்? உன்னைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன். நானா கேட்டுச் சொன்னார்: "அவனை விடேலாதாம். நீங்களே செய்யோணுமாம்."  பிறகு வவுனியாக் கடைப் பிள்ளை என் விரலைப் பிடித்து வைத்த இடம் நினைவுக்கு வந்தது. வலப்பக்கம், முன்னுக்கு. வயரைத் தடவிக்கொண்டு போனேன். அது இடப்பக்கத்தில் கிடந்தது. பிடுங்கி, வலப்பக்கத்து முன் ஓட்டையில் நானே கொழுவினேன். வெள்ளைக்காரனை நிறுத்தி மறுபடி எழுப்பினேன். தகரத்தில் அரிசி விழுந்தது. அது இரண்டாவது சத்தம்.

அதிகாரி குரலை நிறுத்திவிட்டு, தானே எதையோ தட்டினார். நான் விரலை வைத்தேன். ஆங்கிலத்தில், "இந்தப் பையன் உனக்கு யார்?" என்று எழுதியிருந்தது. வாயால் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பலகை வேலை செய்வது அவருக்குத் தெரியட்டும் என்று விசைகளைத் தேடி, "என் மகன். அவனைப் போக விடுங்கள்" என்று ஆங்கிலத்தில் தட்டினேன். அவர் திரையைப் பார்த்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து, என் விரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல் வந்து அந்தப் புள்ளிகளைத் தொட்டது. தடித்த விரல். "ஹரி" என்றார். நானா மொழிபெயர்க்கவில்லை. சரி என்கிற அந்த ஒரு சொல் எனக்கும் தெரியும்.

நீ வெளியே வந்தாய். பஸ்ஸில் ஏறும்வரை என் கையை விடவே இல்லை. கிளிநொச்சி வருமுன் ஒரே ஒரு தரம்தான் வாய் திறந்தாய்: "ரெண்டாவது சத்தம் கேக்கும்வரைக்கும் நான் மூச்சு விடேல்லை அம்மா." அவ்வளவுதான். அறைக்குள் என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள் என்று நீ சொல்லவில்லை. அப்பா கேட்டார், "ஒண்டுமில்லை" என்றாய். நான் கேட்டேன், "ஒண்டுமில்லை அம்மா" என்றாய். அன்றிலிருந்து உன்னிடம் எதைக் கேட்டாலும் அந்த ஒரு பதில்தான். தம்பி, அது உன் சொல் இல்லை. அது அப்பாவின் சொல். பழைய காலத்தில் சாவடியில் உயிர் தப்பச் சொல்லிப் பழகிய சொல். உண்மை சொன்ன நீ உள்ளே போனாய், பொய் சொன்ன அவர் வெளியே நின்றார், அதனால் உண்மை சொல்வது பிழை என்று உன் மனதில் எங்கேயோ எழுதிக்கொண்டுவிட்டாய். அப்படி இல்லை. வெறும் குழியைக் கண்டுதான் அவர்கள் பயந்தார்கள். பற்றரி உள்ளே இருந்திருந்தால் ஒரு தரம் பார்த்துவிட்டு மூடியிருப்பார்கள். உன் பெண்சாதியிடம் இந்த "ஒண்டுமில்லை"யைக் கொண்டுபோகாதே. எங்களிடம் சொல்லாததை அவளிடம் சொல்லு. ஒரே நாளில் முடியாது என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லு. அவள் கையைக் கேட்டுவிட்டுப் பிடிக்கிறவள், இழுக்க மாட்டாள்.

அந்த நாளுக்குப் பிறகு, அப்பா கட்டிக்கொடுத்த ரோச் பற்றரிகளில் ஓடும் பலகையின் வயரை வேறு யாரையும் தொட நீ விடவில்லை. காலையில் நீ கொழுவுவாய், பின்னேரம் நீ கழற்றுவாய். எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் கொழுவும்போது உன் மூச்சு அமைதியாவது எனக்குக் கேட்கும். புள்ளிகள் எழும்பியதும் நீ ஒரு பெருமூச்சு விடுவாய், ஒவ்வொரு நாளும், அந்த அறைக்குள் இருந்து அப்போதுதான் வெளியே வந்ததுபோல. அதனால் பேசாமல் விட்டேன். உனக்கு ஆறட்டும் என்று நினைத்தேன். அது ஆறாமல், உன்னை இங்கே கட்டிப்போடும் கயிறாகும் என்று நான் நினைக்கவில்லை. பழுதாகும்போதெல்லாம் வவுனியாவுக்கு ஓடினாயே, அந்தத் தேத்தண்ணிக் கடைப் பற்றரியை எடுக்கவென்று போய்ப் போய் ஒவ்வொரு முறையும் எடுக்க மறந்து வந்தாயே, அப்போது மட்டும் அம்மாவை யார் பார்ப்பது என்ற கேள்வி வரவில்லை. அதையும் கவனித்தேன்.

இப்போது உனக்குத் தெரியாத இன்னொன்று. போன கிழமை அப்பாவோடு ரெலிபோன் கடைக்குப் போய், நீ கட்டப்போகும் அந்தக் கடைப் பிள்ளையோடு கதைத்தேன். "மாமி, கொழுவுறதை அவர் சொல்லித்தரேல்லையே?" என்றாள். அன்ரி எப்போது மாமி ஆனேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் காதுக்கு இனிமையாக இருந்தது. "அவன் சொல்லித்தர மாட்டான். நீ சொல்லு" என்றேன். எந்த விசை, பட்டியலில் எத்தனை தரம் கீழே இறங்குவது, இலக்கத்தை எங்கே மாற்றுவது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இன்று காலை நீ படலையைத் தாண்டியதும் எல்லாவற்றையும் கழற்றினேன். வேண்டுமென்றே இடப்பக்கத்து ஓட்டையில் கொழுவினேன். வலப்பக்கம் ஒருநாள் பழுதானால் என்ன செய்வாய் என்று நீ கேட்பாய் அல்லவா? முதல் தரம் சரிவரவில்லை. இரண்டாவது தரம் எதையோ அழுத்தி வெள்ளைக்காரனையே காணாமல் ஆக்கிவிட்டேன்.  கணினியை நிறுத்தி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இலக்கத்தைத் தேடிப் பிடித்தேன், மாற்றினேன். புள்ளிகள் எழும்பின. நீ இப்போது வாசிக்கிற ஒவ்வொரு வரியையும் நான் அந்தப் புள்ளிகளில் தொட்டுத் திருத்தினேன். உன் உதவி இதில் ஒரு எழுத்துக்கும் இல்லை.

சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நீள்கிறது. ஒவ்வொரு நாளும் வீதியில் பஸ்ஸும் லொறியும் மறிபட்டு நிற்கின்றன. ஏன் என்று ஒருவரும் சொல்வதில்லை, எல்லாரும் சாமான் வாங்கி அடுக்குகிறார்கள். உன்னை விட்டு இருப்பது எனக்குச் சுகம் என்று பொய் சொல்ல மாட்டேன். நெஞ்சு வலிக்கிறது. கலியாணத்துக்கு நாங்கள் வந்து சேருவோமோ தெரியாது. பாஸ் கிடைத்தால் வருவோம், கிடைக்காவிட்டால் குறை நினைக்காமல் தாலியைக் கட்டு. ஆனால் நீ இந்தப் பக்கம் அகப்பட்டு, என்னை ஒரு சாட்டாக வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையின் குரலுக்கு ஏங்கிக்கொண்டு இருப்பதை நான் என் காதால் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். அன்று அந்த அதிகாரியிடம் தட்டிக் கேட்டதையே இன்று எனக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

நாளைக் காலை நான் படலைவரைக்கும் வரமாட்டேன். அறைக்குள் இருப்பேன். எல்லா வயரும் கழற்றிக் கிடக்கும். யன்னலைத் திறந்து வைப்பேன். படலைக் கொளுக்கி கழலும் சத்தம் கேட்டதும் நான் கொழுவத் தொடங்குவேன். அப்பாவோடு அங்கேயே நில். முதல் சத்தம் கேட்கும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. உனக்குக் கால் உள்ளே இழுக்கும், எனக்குத் தெரியும். வராதே. இரண்டாவது சத்தம் கேட்டதும் மூச்சை விட்டுவிட்டு, போயிட்டு வா, ராசா.

அம்மா